மகாபொலவும் பர்சரியும்: வன்னிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும், எங்கே இழுபடும்

வன்னியிலிருந்து அரச பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவி என்று பார்த்தால் முக்கியமானவை இரண்டு: மகாபொல, பர்சரி. இரண்டையும் ஒரு சேவையாக வைத்து மதிப்பிட்டால், ஆளைத் தெரிவுசெய்யும் முறைக்கு ஐந்தில் நான்கு புள்ளி போடலாம். காசு கைக்கு வரும் வேகத்துக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் பெரிய மனதோடு. தெரிவு பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் அது நீங்கள் கொடுக்கும் தாள்களை மட்டுமே பார்த்து நடக்கிறது. வீட்டில் உலை கொதிக்காவிட்டாலும் தாளில் வருமானம் கூடத் தெரிந்தால் பெயர் வராது. அதனால் இந்த மதிப்பீட்டில் அதிக இடம் தாள்களுக்குத்தான்.

முதலில் தொகை. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. மாதாந்தம் என்று சொன்னாலும் ஒரு கல்வியாண்டுக்குப் பத்துத் தவணைதான். ஆகவே அந்தத் தொகைப்படி மகாபொல ஆண்டுக்கு 75,000. நான்கு வருடப் பட்டத்துக்கு 40 தவணை, மூன்று இலட்சம். பர்சரி ஆண்டுக்கு 65,000. மகாபொலவை 365 நாளுக்கும் பரப்பினால் நாளுக்கு ஏறக்குறைய 205 ரூபா. வெளியில் அறை எடுத்து இருக்கிற பிள்ளைக்கு இது ஏறக்குறைய ஒரு நேரச் சோற்றுக்குத்தான் சரி. பல்கலைக்கழக விடுதியும் கன்ரீன் சாப்பாடும் கிடைத்தால்தான் இந்தக் காசு காசாகத் தெரியும். விடுதி கிடைக்குமா என்பது வீட்டுத் தூரத்தையும் பார்த்துத் தீர்மானிக்கப்படுவதால், முல்லைத்தீவிலிருந்து ருகுணைக்குப் போகிற பிள்ளைக்கு வாய்ப்புக் கூட. கிளிநொச்சி நகரத்திலிருந்து அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போகிற பிள்ளைக்குக் குறைவு. கிளிநொச்சிப் பிள்ளைக்கு வீட்டுச் சோறு இருக்கிறது என்பதும் உண்மைதான்.

மகாபொல நிதியம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடக்கி வைத்தது. பெயர் வந்தது அந்தக் காலத்து மகாபொல வர்த்தகக் கண்காட்சிகளிலிருந்து. லொத்தர் வருமானத்தில் ஒரு பங்கும் திறைசேரிப் பணமும் சேர்ந்துதான் இன்றைக்குத் தவணையாக வருகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: காசு ஒரே பெட்டியிலிருந்து வருவதில்லை. ஒரு பக்கம் பிந்தினால் முழுத் தவணையும் பிந்தும். பர்சரி வேறு. அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் திட்டம். விண்ணப்பத்தை வாங்கிப் பரிசீலித்துக் காசைப் போடுவது அந்தந்தப் பல்கலைக்கழகம்.

மகாபொலவில் இரண்டு வகை. உயர்தரத்தில் மிக உயர்ந்த பெறுபேறு எடுத்தவருக்குத் திறமை மகாபொல. அதற்கு வருமானம் பார்க்கப்படாது. மற்றவர்களுக்குச் சாதாரண மகாபொல. அதில் குடும்ப வருமானம்தான் பேச்சு. 5,000 ரூபாக் காலத்தில் திறமை மகாபொல 5,050 ஆக இருந்தது. திறமைக்கு விலை 50 ரூபா என்று மாணவர்கள் பகிடி விட்டால் பிழை சொல்ல முடியாது. மகாபொல எடுப்பவர் பர்சரியும் எடுக்க முடியாது. மகாபொல கிடைக்காதவர் பர்சரிக்குப் போடுவதுதான் வழக்கம். முழுநேர வேலையில் இருப்பவருக்கும் வெளிவாரி மாணவருக்கும் இரண்டும் இல்லை.

எப்போது விண்ணப்பிப்பது என்பதில்தான் முதல் குழப்பம். மகாபொலவுக்கான குடும்ப விபரம் பல்கலைக்கழக அனுமதி நடக்கும் கட்டத்திலேயே கேட்கப்படும். பர்சரி உள்ளே போய்ப் பதிந்த பிறகு. "கம்பஸ் போன பிறகு எல்லாம் பார்க்கலாம்" என்று விடுகிற வீடுகளில் மகாபொல அப்படியே தவறிப்போகும். அனுமதிக்கான இணைய விண்ணப்பத்தைக் கொமினிகேசன் கடையில் கொடுத்து நிரப்புவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். அதன் பிறகு வரும் அறிவித்தல், கடவுச்சொல், திருத்தச் சொல்லும் கடிதம் எல்லாம் அவருடைய பெட்டிக்குள் போய்க் கிடக்கும். சிம்மை மாற்றின பிள்ளைக்கும் இதே கதிதான். நிரப்பி முடிந்ததும் அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, வருமானம் எழுதிய இடத்தில் மாதக் கணக்கு ஆண்டுக் கணக்காகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். 25,000 என்று மாத வருமானம் சொன்னதை ஆண்டு நிரலில் 25,000 என்றே அடித்துவிட்டால், சான்றிதழில் 300,000 என்று இருக்கும். இரண்டும் பொருந்தாத விண்ணப்பம் ஒதுக்கப்படுவதற்கு அது ஒன்றே போதும்.

விதானையார் மேசையில்

வருமானச் சான்றிதழ்தான் இந்த முழுச் சேவையின் உயிர். விதானையார் என்று நாங்கள் சொல்லும் கிராம அலுவலர் எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைக்கவேண்டும். அரச உத்தியோகம் அல்லது கம்பனி வேலை என்றால் சம்பளப் பட்டியலோடு விடயம் முடிந்துவிடும். அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலையில் தாய் வேலை செய்தால் அந்தச் சம்பளத் துண்டுதான் ஆதாரம். மேலதிக நேரக் காசு கூடின மாதத்துத் துண்டு ஒன்றை மட்டும் நீட்டாமல், தொடர்ச்சியான சில மாதத் துண்டுகளைக் கொடுங்கள்.

சிக்கல் கமத்திலும் கடலிலும். மூன்று ஏக்கர் வயல் செய்கிற வீட்டின் வருமானம் எவ்வளவு? நெல் விற்ற காசு வேறு, கையில் நின்ற காசு வேறு. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, அறுவடை மெசின் கூலி எல்லாம் போனதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் குடும்பத்துக்கு. படிவம் கேட்பது செலவு கழிக்காத வருமானத்தையா, கழித்ததையா என்பதை வாசித்து அதற்கேற்ற கணக்கைச் சொல்லவேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவர் மழையோடு செய்யும் காலபோகத்தையும் குளத்து நீரில் செய்யும் சிறுபோகத்தையும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். சிறுபோகத்துக்கு எல்லா ஏக்கருக்கும் தண்ணீர் கிடைப்பதில்லை; குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு விதைப்பது என்று கமக்காரர் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். "வருசம் இரண்டு போகம், மூன்று ஏக்கர்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் விதானையார் ஆறு ஏக்கர் விளைச்சலாகக் கணக்குப் போட இடமுண்டு. பசளைச் சிட்டை, மெசின் கூலிச் சிட்டை, நெல் விற்ற சிட்டை மூன்றையும் ஒரு உறையில் போட்டுக்கொண்டு போங்கள். வாயால் சொல்வதை விடச் சிட்டைக்கு மதிப்புக் கூட. குத்தகைக் காணி என்றால் குத்தகைக் காசையும் செலவில் சொல்ல மறக்காதீர்கள்.

மீன்பிடிக் குடும்பத்துக்கு நாள் வருமானத்தை 30 ஆல் பெருக்குவது பெரும் பிழை. சோளகக் காற்று, வாடைக் காற்று என்று கடலுக்குப் போக முடியாத நாட்கள் வருசத்தில் எத்தனையோ. கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்து, எந்தத் தொழில், சொந்தப் படகா கூலியா, பங்கு எவ்வளவு என்று ஒரு கடிதம் எடுத்துக் கொடுத்தால் அலுவலருக்கு எழுதுவதும் சுலபம், பிறகு யாரும் கேள்வி கேட்டாலும் பதில் இருக்கும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. வருமானம் "இல்லை" என்று எழுதுவது. சுழியம் போட்டால் உறுதியாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வருமானமே இல்லாத வீட்டில் ஐந்து பேர் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பரிசீலிப்பவர் கேட்பார்; கேட்கத்தான் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மாமா இடைக்கிடை அனுப்புகிறார் என்றால் அதை எழுதுங்கள். ஆடு, கோழி, கூலிவேலை, அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எல்லாவற்றையும் எழுதுங்கள். அஸ்வெசும விண்ணப்பத்தில் சொன்ன குடும்ப விபரமும் இதில் சொல்வதும் ஒத்துப்போகவேண்டும். இரண்டும் அதே பிரதேச செயலகத்தில்தான் இருக்கின்றன.

தகப்பன் காணாமல் ஆக்கப்பட்ட வீடுகள் வன்னியில் நிறைய. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத தாய்மார் "தகப்பன்" என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவதுண்டு. வெறுமையாக விட்டால் முழுமையற்ற விண்ணப்பம் என்று திரும்பி வரும். 2016 இல் மரணப் பதிவு தொடர்பான தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இறந்ததாக எழுதாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் ஊடாக எடுக்கலாம். அது கையில் இருந்தால் அதன் பிரதியை வையுங்கள். இல்லாவிட்டால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ செஞ்சிலுவைச் சங்கப் பதிவோ இருந்தால் அதனோடு, தாயின் சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன் முடித்து, கிராம அலுவலரின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள். பிரிந்து போன தகப்பனுக்கும் கடிதம் வேண்டும். "அவர் எங்களோடு இல்லை" என்று வாயால் சொல்வது கோப்புக்குள் போகாது.

படிக்கும் சகோதரர் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது. பாடசாலையில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபரின் கடிதம், பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கு அங்கிருந்து மாணவர் என்ற உறுதிக் கடிதம். சாதாரண தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு அதிபர் கடிதம் கொடுக்கத் தயங்குவார். உயர்தர வகுப்புக்குச் சேர்ந்த பிறகு எடுத்தால் பிரச்சினை இல்லை.

நிரந்தர முகவரி இன்னொரு முடிச்சு. இடம்பெயர்ந்து மீளக்குடியேறிய குடும்பங்களில் அடையாள அட்டையில் ஒரு முகவரி, வாக்காளர் இடாப்பில் இன்னொன்று, இருப்பது மூன்றாவது இடம் என்று இருக்கும். சான்றிதழ் தரவேண்டியவர் இப்போது பதிவாகி இருக்கிற பிரிவின் அலுவலர். அங்கே பதிவு இல்லாவிட்டால் அவர் கையெழுத்து வைக்கமாட்டார், வைக்கவும் கூடாது. பெறுபேறு வந்தவுடன் முதலில் செய்யவேண்டிய வேலை அந்தப் பதிவைச் சரிபார்ப்பது.

வளாகத்துக்குள்

பர்சரி அறிவித்தல் மாணவர் நலன்புரிக் கிளையின் பலகையில் ஒட்டப்படும். இப்போது பட்ச் வாட்ஸப் குழுவிலும் வரும். முடிவுத் திகதிக்கு இடையில் இருக்கும் நாட்கள் குறைவு. பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மன்னார்ப் பிள்ளைக்கு வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வருவது ஒரு நாள் வேலை. பேராதனையிலோ மாத்தறையிலோ இருப்பவருக்கு அது விரிவுரையையும் பஸ் காசையும் சேர்த்து விழுங்கும். விண்ணப்பதாரி நேரில் நிற்கவேண்டும் என்று கேட்காத இடங்களில் பெற்றோரே விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் முடிக்கலாம். மாணவர் பகுதியை நிரப்பிக் கையெழுத்து வைத்துப் படிவத்தைப் பதிவுத் தபாலில் வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டார் போவதற்கு முன் அலுவலர் ஒபிசில் இருக்கும் நாளைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளட்டும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேறு, சகோதரர் கடிதங்கள் எல்லாவற்றிலும் உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டு தொகுதியை வீட்டை விட்டு வெளிக்கிடும்போதே எடுத்துக்கொண்டு போனால் பாதித் தலையிடி குறையும்.

பெயர்ப் பட்டியல் வந்து உங்கள் பெயர் இல்லாவிட்டால் மேன்முறையீட்டுக்கு ஒரு காலம் தருவார்கள். அதில் கண்ணீர்க் கதை எழுதிப் பயனில்லை. முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு மாறியது என்ன என்று எழுதவேண்டும்: தகப்பன் வேலை இழந்தது, வெள்ளத்தில் பயிர் அழிந்தது, இன்னொரு சகோதரம் பல்கலைக்கழகம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். பயிர் அழிவுக்குக் கமநல சேவை நிலையக் கடிதம் நல்ல பலம்.

வங்கிக் கணக்கில் தடக்குகிறவர்களும் உண்டு. கணக்கு மாணவரின் சொந்தப் பெயரில், பல்கலைக்கழகம் சொல்லும் வங்கியில் இருக்கவேண்டும். பள்ளிக்கூடக் காலத்தில் திறந்த சிறுவர் சேமிப்புக் கணக்கின் இலக்கத்தைக் கொடுத்தால் காசு திரும்பிப் போகலாம்; 18 வயதுக்குப் பிறகு வங்கிக்குப் போய் அதைச் சாதாரண சேமிப்பாக மாற்றவேண்டும். நீண்ட நாள் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் செயலிழந்த கணக்கும் அப்படித்தான். பெயரின் ஆங்கில எழுத்து அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் பல்கலைக்கழகப் பதிவிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னுக்கும் இன்னொன்றில் பின்னுக்கும் இருப்பதால் தவணை நின்ற பிள்ளைகள் உண்டு.

பிறகு வரவு. மகாபொலவுக்கு 80 வீத வரவு வேண்டும். பீடம் வரவு விபரத்தை அனுப்பினால்தான் நலன்புரிக் கிளை பட்டியலைத் தயாரிக்கும். பட்டியல் போனால்தான் நிதிக் கிளை காசைப் போடும். ஒரு விரிவுரையாளர் வரவுத் தாளைப் பிந்திக் கொடுத்தால் முழுப் பட்ச்சும் காத்திருக்கும். இந்தச் சங்கிலியில் மாணவர் தன் கையில் வைத்திருக்கக்கூடிய ஒரே கண்ணி தன் வரவும் கையொப்பமும்தான். சில பல்கலைக்கழகங்களில் தவணைக்கு முன் பட்டியலில் ஒப்பம் வைக்கவேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை இருக்கவேண்டியதுதான். காய்ச்சல், டெங்கு என்று வீட்டுக்கு வந்தால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் பீடத்தில் கொடுங்கள். சோதனை நேரத்தில் கொண்டுபோய் நீட்டுகிற "மெடிக்கல்" வரவுக்கு உதவாது. வருடம் திரும்பப் படிக்க நேர்ந்தால், அல்லது கற்கையை ஒத்திவைத்தால், தவணை நிற்கும். ஒத்திவைத்தவர் திரும்பி வரும்போது நலன்புரிக் கிளைக்குத் தனியாகக் கடிதம் கொடுக்கவேண்டும்; பீடத்தில் சேர்ந்ததும் காசு தானாக ஓடிவராது.

முதல் தவணை, பிள்ளை சேர்ந்து மாதக் கணக்கில் கழித்துத்தான் வருவது வழமை. தெரிவு முடிந்து பட்டியல் உறுதியாகும்வரை ஒன்றும் வராது. பிறகு நிலுவையோடு சேர்ந்து ஒரு பெரிய தொகையாக விழும். பணிப்புறக்கணிப்பு வந்தால் இன்னும் மோசம். 2024 இல் கல்விசாரா ஊழியர்களின் போராட்டம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது; அலுவலகம் பூட்டிக் கிடந்தால் பட்டியல் தயாரிக்க ஆளில்லை. ஆகவே முதல் அரையாண்டுக்கான அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இந்தக் காசை நம்பி வட்டிக்குக் கடன் எடுக்காதீர்கள். "மகாபொல வந்ததும் தாறன்" என்று நாளுக்கு நாள் ஏறும் மீற்றர் வட்டிக்கு எடுத்தவருக்கு நிலுவை வந்த அன்றே அது வட்டிக்குப் போய்விடும். பெரிய தொகை விழும் நாளில் மடிகணினிக் கடைக்கு ஓடாமல், வாடகையை மூன்று மாதத்துக்கு முன்கூட்டிக் கட்டிவிடுவது கெட்டித்தனம்.

மற்ற வழிகள், சுருக்கமாக

வட்டியில்லாக் கல்விக் கடன் என்று அரசாங்கம் நடத்துவது அரச பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், அங்கீகரிக்கப்பட்ட அரச சாரா உயர்கல்வி நிறுவனத்தில் பட்டம் படிப்பவருக்கு. அரச பல்கலைக்கழக மாணவருக்கு இது பொருந்தாது. அரசு பொறுப்பேற்பது வட்டியை; வாங்கிய முதல் தொகையை நீங்கள்தான் கட்டவேண்டும். பிணையாளர் தேடுவதுதான் வன்னிக் குடும்பங்களுக்குக் கல்லில் நார் உரிக்கிற வேலை. பட்டம் முடித்து வேலை கிடைக்கும் துறையா என்று பார்க்காமல் இறங்கவேண்டாம்.

புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கொடுக்கும் உதவி வேகத்தில் முதலிடம். கடிதம் கொடுத்த மாதமே காசு வரலாம். ஆனால் உறுதி குறைவு: இரண்டாம் வருடத்தில் சங்கத்துக்குள் பிரச்சினை என்றால் உதவி நிற்கும். எத்தனை மாதத்துக்கு, பெறுபேறு கேட்பார்களா, பிள்ளையின் படத்தை முகநூலில் போடுவார்களா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசோலையைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் நடுவில் படத்துக்கு நிற்கப் பிள்ளைக்கு விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல சங்கம் அதற்காக உதவியை நிறுத்தாது.

மகாபொலவுக்கும் பர்சரிக்கும் விண்ணப்பிக்க இடையில் எவருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. "பெயரைப் போட்டுத் தாறன்" என்பவரும், கைபேசிக்கு வரும் இணைப்பில் வங்கி அட்டை இலக்கம் கேட்பவரும் ஒரே ரகம்.

தவணை ஒன்று தவறினால் எந்த மாதத்துக்குரியது என்று தெரியாமல் நலன்புரிக் கிளையில் போய் நிற்பது வீண். வங்கிப் புத்தகத்தில் விழுந்த திகதியையும் தொகையையும் முதல் தவணையிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். "இரண்டாம் வருடம் நான்காம் தவணை வரவில்லை" என்று பதிவிலக்கத்தோடு எழுத்தில் கொடுத்தால் தேடிப் பார்க்க உத்தியோகத்தருக்கும் வசதி. கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட ஒப்பமும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இறுதியாண்டின் கடைசித் தவணைகள் சோதனை முடிந்து அறையைக் காலி செய்து ஊருக்கு வந்த பிறகும் வரக்கூடும். அந்தக் கணக்கைப் பட்டமளிப்பு முடியும்வரை மூடவேண்டாம், இலக்கத்தையும் மாற்றவேண்டாம்.